திட பூஸ்டரைப் பட்டாசு என்று சொல்லாதீர்கள்

ராக்கெட் பற்றி நேற்று நடந்த சண்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திட பூஸ்டர் என்றால் ராக்கெட் கிளம்ப உந்தித் தள்ளும், திட எரிபொருளில் எரியும் மோட்டார். அதைப் பற்றி எழுதியிருந்தார்கள்: "திட பூஸ்டர் பெரிய சைஸ் பட்டாசு, திரவ எஞ்சின்தான் இன்ஜினியரிங்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

திட மோட்டாரில் பம்ப் இல்லை, வால்வு இல்லை. அதனால் சுலபம் என்று ஆகிவிடாது. பறக்கும்போது வால்வு பார்க்கிற வேலையை இங்கே எரிபொருளை உறைக்குள் வார்க்கும்போதே முடித்தாக வேண்டும். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தின் பூஸ்டரில், முன்பகுதி எரிபொருளின் நடுவே ஓடிய துளை 11 முனை நட்சத்திர வடிவம். கிளம்பும்போது எரிபரப்பு அதிகம், அதனால் விசையும் அதிகம். சுமார் 50 விநாடியில், வேகத்தால் எதிரே மோதும் காற்றின் அழுத்தம் உச்சத்தை நெருங்கும் நேரம், விசை தானாகவே மூன்றில் ஒரு பங்கு குறையும். அதைக் குறைப்பது அந்தத் துளையின் வடிவம் மட்டுமே.

அதன் எரிபொருள் கலவையில் 69.6% அம்மோனியம் பெர்குளோரேட் (எரிய ஆக்சிஜன் தரும் உப்பு), 16% அலுமினியப் பொடி, மிச்சம் பெரும்பாலும் ரப்பர் மாதிரியான பிணைப்பான். பெர்குளோரேட் துகளின் அளவு மாறினாலே எரியும் வேகம் மாறிவிடும். காற்றுக்குமிழி தங்கக்கூடாது, இறுகும்போது விரிசல் விழக்கூடாது. விழுந்தால் எரிபரப்பு கூடும், அழுத்தம் ஏறும், ஏறின அழுத்தம் எரிவேகத்தை இன்னும் கூட்டும், கடைசியில் உறையே பிளக்கும். 1986 ஏப்ரலில் டைட்டன் 34டி என்ற அமெரிக்க ராக்கெட் ஒன்று கிளம்பின சில விநாடிகளிலேயே வெடித்தது. பூஸ்டருக்குள் வெப்பக்காப்பு உறையை விட்டுப் பிரிந்ததுதான் காரணம். பட்டாசு செய்பவர் யாரும் இதற்காகத் தூக்கம் கெடுவதில்லை.

"பற்றவைத்தால் அணைக்க முடியாதே?" முடியாது, முழுசாக ஒப்புக்கொள்கிறேன். 2001 மார்ச் 28 அன்று இந்தியாவின் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டுத் திரவ எஞ்சின் ஒன்று போதுமான விசை தரவில்லை. நடுவிலிருக்கும் திட மோட்டார் பற்றுவதற்குள் கணினி எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏப்ரல் 18-ல் அதே ராக்கெட் பறந்தது. திட மோட்டார் பற்றியிருந்தால் அந்த ராக்கெட் மிஞ்சியிருக்காது. வெற்றிடத்தில் உந்துதிறன் எண்ணும் (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக விசையாக்குகிறது என்பதன் அளவு, விநாடியில் சொல்வார்கள்) ஷட்டில் பூஸ்டருக்குச் சுமார் 268 விநாடி, அதன் ஹைட்ரஜன் எஞ்சினுக்கு 452. இதையெல்லாம் யார் மறுத்தார்கள்?

"அப்போ சேலஞ்சர்?" 1986 ஜனவரியில் கிளம்பின கொஞ்ச நேரத்தில் சிதறிய ஷட்டில். இதைத்தான் எடுத்ததும் வீசுகிறார்கள். ஏழு உயிர். பூஸ்டர் துண்டுகளின் இணைப்பை அடைக்கும் ரப்பர் ஓ-வளையம் குளிரில் விறைத்து, அந்த இணைப்பு வழியாகத் தீ கசிந்தது. இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று அந்த பூஸ்டரைச் செய்த பொறியாளர்களே முந்தின இரவு மன்றாடினார்கள். கேட்கப்படவில்லை. அந்தப் பழியையும் அவர்கள் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம்? பிறகு இணைப்பையே மாற்றி வடிவமைத்தார்கள், மூன்றாவது வளையம் போட்டார்கள், சூடேற்றி வைத்தார்கள். அதற்கப்புறம் 110 பயணம், 220 பூஸ்டர். ஒன்றுகூட வழியில் கைவிடவில்லை.

பட்டாசு என்று எழுதியவர்கள் அந்த 220-க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.