பங்குனி ஆமையும் என் தட்டில் கிடந்த இறாலும்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் நேற்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டார், "சார், நீங்க அந்த ஆமை குரூப்பா?" ஆமாம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா தெரியவில்லை. எந்தக் குழுவிலும் நான் உறுப்பினர் கிடையாது. வருடத்துக்கு ஏழெட்டு ராத்திரி, கடற்கரையில் ஆமைக் கூடு தேடிப் போகிறவர்கள் பின்னால் நடக்கிறவன், அவ்வளவுதான். "ஷேர் பண்ற மாதிரி ஏதாவது இருந்தா அனுப்புங்க சார், நானும் சப்போர்ட் பண்றேன்" என்றார். நல்ல பையன், மனசாரத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது ராத்திரி வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் 2019 வரைக்கும் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பனிக்கரடி, கொம்பறுந்த காண்டாமிருகம், தண்டவாளத்தில் அடிபட்ட யானை என எது வந்தாலும் ஒரு அழுகை முகத்தைப் போட்டுப் பகிர்ந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திருவான்மியூரில் வீடு. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கரையில் ஜனவரி பிறந்தால் ஆமை முட்டையிட வரும் என்பது நாற்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. பனிக்கரடியைத் தெரிந்தவனுக்குப் பங்குனி ஆமையை, ஆலிவ் ரிட்லி என்கிறார்களே அதை, தெரியவில்லை.

முதல் தடவை ஆமை பார்க்கப் போனதுகூட இயற்கை மேல் பாசம் பொங்கி இல்லை. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் டர்ட்டில் வாக், அதாவது ராத்திரியில் கரையோரம் நடந்து ஆமைக் கூடு தேடுகிற நடை, போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள், துணைக்குப் பெரியவர் யாராவது வரவேண்டும் என்றார்கள், வீட்டில் ராத்திரி முழித்திருக்க முடிகிற ஆள் நான் ஒருவன்தான். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு நீலாங்கரையில் கூடி, பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்கவேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது. முதல் ஒரு மணி நேரம் நான் பார்த்தது பிளாஸ்டிக் கவர், ஒற்றைச் செருப்பு, அப்புறம் காலில் குத்திய ஒரு சிப்பி. "இதுக்குத்தானா கூட்டிட்டு வந்த?" என்று மகளிடம் முணுமுணுத்தது நினைவிருக்கிறது.

அப்புறம்தான் முன்னால் போனவர் சட்டென்று நின்றார். ஈர மணலில் ஒரு தடம், சின்ன டிராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்துவிட்டுத் திரும்பிப் போனது மாதிரி. ஆமை போய்விட்டிருந்தது. தடம் முடிகிற இடத்தில் ஒரு கல்லூரிப் பெண் கம்பை மணலில் மெதுவாக இறக்கி இறக்கிப் பார்த்தாள். நாலைந்து இடத்தில் இறுகி நின்ற கம்பு ஓரிடத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. தோளை மணலில் சாய்த்துக்கொண்டு கையாலேயே தோண்டினாள். கீழே குடம் மாதிரி ஒரு குழி, உள்ளே முட்டைகள். கோழி முட்டை மாதிரி கெட்டியான ஓடு இல்லை, தொட்டால் லேசாக அமுங்குகிற தோல், ஈரமாக, பிசுபிசுவென்று. எண்ணி எண்ணித் துணிப்பையில் வைத்தார்கள். நூற்றுப் பதினாறு. கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் அந்த எண்ணிக்கை நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இன்றுவரை நான் போகிற ராத்திரிகளில் நோட்டு என்னிடம்தான்.

அந்த முட்டைகளை அப்படியே விட்டால் நாய் தோண்டித் தின்றுவிடும், அல்லது யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். அதனால் சில மணி நேரத்துக்குள் வேலி போட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். ஆழம் மாறினால் சூடு மாறும், சூடு மாறினால் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே மாறிவிடும். சூடு கூடினால் பெண். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு வாரம் கழித்து அந்தக் குழியிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள் மேலே வரும். அலை தொடுகிற இடத்துக்குச் சற்று முன்னால் விட்டால் தாமே நடந்து போகும்.

இதெல்லாம் நேற்று முளைத்ததில்லை. 70களில் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர், சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் இதே கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து கூடு தேடியிருக்கிறார்கள். சதீஷ் பாஸ்கர் இந்தியக் கரைகளையும் தீவுகளையும் ஆமைக்காகவே நடந்து அளந்தவர். 1988-ல் சென்னை மாணவர்கள் சேர்ந்து எஸ்எஸ்டிசிஎன் என்கிற கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பை ஆரம்பித்தார்கள், அது இன்றைக்கும் நடக்கிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. 2024 பருவத்தில் மட்டும் தமிழ்நாட்டுக் கரையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போயின. ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் பெரிது என்பார்கள், பெரிதாகி முட்டையிட வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்பார்கள். அன்றைக்கு அந்தப் பையன்கள் விட்ட குஞ்சுகளில் ஒன்றிரண்டாவது இன்றைக்குத் தாயாகி இங்கேயே ஏறி வந்துகொண்டிருக்கலாம். வரட்டும்.

இதுவரைக்கும் சொன்னது இனிப்பான பகுதி. போட்டோ எடுத்துப் போடலாம், எல்லோரும் அழகு என்பார்கள். 2025 ஜனவரியில் நடந்தது வேறு.

பொங்கல் முடிந்த வாரம். மகள் இப்போது கோவையில் படிக்கிறாள், நான் தனியாகத்தான் போயிருந்தேன். அந்த மாதத்தில் சென்னை, செங்கல்பட்டுக் கரையெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின, செய்தியில் பார்த்திருப்பீர்கள். செய்தியில் வாடை வராது. முதல் ஆமைக்குப் பத்தடி முன்னாலேயே தெரிந்துவிடும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, ஓட்டின் மேல் ஈ. முப்பத்தைந்து நாற்பது கிலோ எடையுள்ள உயிர். எண்ணியதையே திரும்ப எண்ணாமல் இருக்க ஓட்டில் ஒரு பெயின்ட் கோடு போடவேண்டும். முட்டை எண்ணிய அதே நோட்டில் இன்னொரு பக்கத்தில் பிணம் எண்ணினேன். அன்று ஒரு நடையில் பதினெட்டு. கூட வந்த ஒரு பையன் பாதியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான், வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்ப வந்து பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டான்.

ஆமை மீன் இல்லை. மூச்சு விட மேலே வந்தாகவேண்டும். விசைப்படகின் இழுவை மடியில், அதாவது படகு பின்னால் இழுத்துப்போகிற பை மாதிரி வலையில், மாட்டிக்கொண்டால், மடி மணிக்கணக்கில் அடியில் இழுபடும்போது மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். கடலிலேயே இருக்கிற பிராணி கடலிலேயே மூழ்கிச் சாகிறது. இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. முட்டையிடும் மாதங்களில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. மடிக்குள் ஆமை தப்பிப் போக ஒரு கம்பித் தடுப்பும் திறப்பும் வைக்கலாம், டெட் என்பார்கள், கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற மாதிரியே ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மீனும் அந்த வழியே போய்விடும் என்று படகுக்காரர்கள் மாட்டத் தயங்குகிறார்கள்.

அந்த வாரம் எனக்கும் கோபம் தலைக்கேறி "மீனவர்களுக்கு மனசாட்சியே இல்லையா" என்று இங்கேயே எழுதினேன். நிறையப் பேர் கைதட்டினார்கள். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் ஃபைபர் படகில் வந்து இறங்கிய ஒரு பெரியவரிடம் போய் வீராவேசமாகப் பேச ஆரம்பித்தேன். வலையை உதறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, ஆமை மாட்டுனா எனக்கு இன்னா லாபம் சொல்லு. வலைதான் கிழியும். ஒரு வலை இன்னா வெல தெரியுமா? நாங்க கரையாண்ட போடறோம், பெரிய போட்டும் கரையாண்டயே வந்து இழுத்தா எனக்கு மீனும் இல்ல, உனக்கு ஆமையும் இல்ல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வழக்கு. ஆனால் எனக்கு அவரைக் குற்றவாளி ஆக்குவது சுலபமாக இருந்திருக்கிறது, ஏனென்றால் அவர் கண்ணெதிரே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை அழித்தேன்.

அழித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் இறால் தொக்கு. வீட்டம்மா வாங்கியது, நான் கேட்டதால் வாங்கியது. இழுவை மடி முக்கியமாக எதற்கு என்றால் இறாலுக்கு. நான் வாங்குகிறேன், அதனால்தான் இழுக்கிறார்கள். அந்த நிமிஷம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை, சாப்பிட்டேன். அதற்கப்புறம் ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் கடல் இறாலை நிறுத்தியிருக்கிறோம். மீன்கார அக்காவிடம் "தூண்டில் மீனா, மடி மீனா" என்று கேட்டு வாங்குகிறோம். முதலில் சிரித்தார், இப்போது அவரே சொல்லிவிடுகிறார். கேட்டதற்குச் சரியாகத்தான் சொல்கிறாரா என்பது அவருக்கும் கடலுக்கும்தான் தெரியும்.

நான் எரிச்சலோடு சொல்ல நினைப்பது இதைத்தான். சூழல் போராட்டத்தில் பங்கெடுப்பதென்றால் பதாகை பிடிப்பது, டி-ஷர்ட் போடுவது, மரம் நட்டுப் படம் எடுப்பது என்று ஆகிவிட்டது. நமக்குச் சொந்தமான எதையும் அது தொடுவதில்லை, தூக்கம் கெடாது, செலவு கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்க மாட்டார். கொள்ளுக்குடிப்பட்டியைப் பாருங்கள், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்து ஊர். கண்மாயில் தங்குகிற பறவைகள் பயந்து ஓடக் கூடாது என்று பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பக்கத்து ஊரில் சரவெடி கேட்கும், இந்த ஊர்ப் பிள்ளைகள் கம்பி மத்தாப்போடு நிற்கும். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் தீபாவளியையே கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் தன்னைச் சூழலியல் ஆர்வலர் என்று சொல்லிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என்னிடம் கேட்கப்பட்டது தீபாவளி இல்லை, ஒரு லைட்டு. கூட்டிலிருந்து வெளியே வருகிற குஞ்சு வெளிச்சமான பக்கம்தான் போகும். ராத்திரியில் கடல்மேல் இருக்கிற வானம் கரையைவிட வெளுப்பாக இருப்பதால் அது சரியாகக் கடலுக்குப் போகும், லட்சக்கணக்கான வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நாம் ஹைமாஸ்ட் விளக்கு போட்டதும் ரோட்டுக்கு ஏறி வருகிறது. ஏறி வந்தால் டயர், நாய், காக்கை, விடிந்தால் வெயில். அதற்காகத்தான் ஆர்வலர்கள் வருஷா வருஷம் கடற்கரை ஓர விளக்குகளை ராத்திரியில் அணைக்கச் சொல்லி மனு கொடுக்கிறார்கள்.

கரையைப் பார்த்த மாதிரி இருக்கிற ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி ஃபோகஸ் லைட்டை பிப்ரவரி முதல் மே வரைக்கும், ராத்திரி பதினொன்று முதல் ஐந்து வரை அணைக்கச் சொல்லிக் கேட்கப் போனேன். சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் காத்திருக்க வைத்துவிட்டு "திருடன் வந்தா ஆமையா வந்து பிடிக்கும்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். நாலு தடவை போனேன். ஐந்தாவது தடவை அணைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. விளக்குக்கு மேல் ஒரு தகர மறைப்பு மாட்டி வெளிச்சத்தைக் கீழ்ப்பக்கம் மட்டும் திருப்பலாமா, செலவு என்னுடையது என்றேன். வாட்ச்மேன் அண்ணன்தான் ஏணி பிடித்தார். தகரம், ஸ்குரூ, எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். நான் பகிர்ந்த எந்தப் பனிக்கரடிக்கும் அவ்வளவு பலன் கிடைத்திருக்காது.

அரசு ஆபீஸ் மனு கதையும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். செத்த ஆமைகள் பற்றி ஒரு இடத்தில் கேட்டால் படகு எங்கள் வேலையில்லை என்றார்கள், இன்னொரு இடத்தில் ஆமை எங்கள் வேலையில்லை என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, 5 கடல் மைலுக்குள் வந்த படகுகள் மேல் எத்தனை வழக்கு என்று கேட்டேன், தேதியும் கடிதமும் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். கணக்குப்பிள்ளை புத்தி, எதையும் தூக்கிப் போடாது. இந்த வேலைக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. உணர்ச்சிவசப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், போன மாதம் கொடுத்த மனுவின் நகலை வைத்திருக்கிறவர்கள்தான் குறைவு.

தம்பி, இதையெல்லாம் உங்களிடம் நேரில் சொல்லியிருக்கலாம், சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. ஷேர் பண்ண என்னிடம் எதுவும் இல்லை. வருகிற சனிக்கிழமை ராத்திரி போகிறேன், வண்டியில் பின்னால் இடம் இருக்கிறது. செருப்பு பழையதாக இருக்கட்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆமை வரும் என்று உத்தரவாதம் கிடையாது, போன தடவை ஏழு கிலோமீட்டரும் நடந்து ஒரு கூடுகூடக் கிடைக்கவில்லை. பெசன்ட் நகர் போய்ச் சேர நாலு மணி ஆகிவிடும், அந்நேரத்துக்கு ஒரு டீக்கடை திறந்திருக்கும். நோட்டு நான் எழுதுகிறேன், நீங்கள் கம்பைப் பிடிக்கலாம்.