முதற்பெயரே தெரியாமல் எப்படித் தேடுவது?
மதப் பிரசாரத்துக்காக இரண்டு வருடம் ஒன்றாகத் தங்கி ஊழியம் செய்த மார்மன் சபை (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை) இளைஞர்கள் பிற்காலத்தில் ஒருவரையொருவர் எளிதில் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவர் இருவராகத்தான் ஊழியம் செய்வார்கள்; ஆனால் அதே ஜோடி இரண்டு வருடமும் அப்படியே இருப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தில் உடன் ஊழியம் செய்யும் துணை மாறிவிடலாம். அதோடு ‘எல்டர்’ என்ற ஊழியர் பட்டத்தைச் சேர்த்துக் குடும்பப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சால்ட் லேக் சிட்டியில் என் பக்கத்து வீட்டுக்காரர் 1980களில் பிலிப்பைன்ஸில் ஊழியம் செய்தவர். முதல் துணையின் முதற்பெயர் அவருக்கு நினைவில்லை. வெறும் ‘எல்டர் ஸ்மித்’தை எங்கே போய்த் தேடுவது? சபையின் ஏப்ரல் மாநாட்டை ஒட்டி நடந்த பழைய ஊழியர் சந்திப்பில் யாரோ அந்தத் துணையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். அந்த நண்பர் சபையை விட்டு விலகிப் பல வருடம் ஆகியிருந்தது. தன்னோடு பேசுவாரோ மாட்டாரோ என்று பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயம். அப்புறம் கூப்பிட்டுப் பார்த்தால், ஊழிய நாட்களில் தான் காய்ச்சலில் கிடந்தபோது இவர் வைத்துக்கொடுத்த அரிசிக் கஞ்சியைப் பற்றி அந்த நண்பர்தான் முதலில் ஆரம்பித்தாராம்.