குளிரும் வெப்பமும் மோதினால் மட்டும் டொர்னேடோ பிறப்பதில்லை

இடிமேகத்திலிருந்து தரைவரை நீளும் கடும் சுழற்காற்றான டொர்னேடோ குறித்து, "குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் இடத்தில் டொர்னேடோ உருவாகும், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடப்பது அதுதான்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அத்தகைய மோதல் உலகின் பல பகுதிகளில் வாரந்தோறும் நிகழ்கிறது. பெரும்பாலும் மழையோடு முடிந்துவிடுகிறது.

அமெரிக்கச் சமவெளியில் வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தரையை ஒட்டிப் பரவ, அதன்மேல் தென்மேற்கு மேட்டுநிலங்களிலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று ஒரு மூடிபோல் அமர்ந்து, பிற்பகல் வரை ஆற்றலைத் தேக்கி வைக்கிறது. இதைவிட முக்கியமானது, உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுவதாகும். கீழே தென்கிழக்கிலிருந்தும் மேலே மேற்கிலிருந்தும் வீசும் காற்று, உருளைபோல் கிடையாகச் சுழலும் ஓட்டத்தை உண்டாக்குகிறது. இடிமேகத்தின் மேலெழும் காற்று அதை நிமிர்த்தும்போது மேலெழும் காற்றோட்டமே சுழலும் 'சூப்பர்செல்' என்ற இடிமேகம் பிறக்கிறது.

ஆயினும் பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னேடோவைத் தருவதில்லை. தரையிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டருக்குள் காற்று வலுவாக மாறுபடுவதும், ஈரப்பதம் மிகுந்து மேகத்தின் அடி தாழ்ந்திருப்பதும் டொர்னேடோ உருவாகச் சாதகமானவை. மழையோடு இறங்கும் காற்று மிகவும் குளிர்ந்திருந்தால், அது கனத்து, தரைமட்டச் சுழற்சி மேலே இழுக்கப்பட்டு இறுகுவதைத் தடுத்துவிடுகிறது. அதாவது, நண்பர் காரணமாகச் சொல்லும் குளிர்காற்றே பல வேளைகளில் டொர்னேடோவைக் கருவிலேயே குலைக்கிறது.

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ நகருக்கு அருகே சுமார் 4.2 கிலோமீட்டர் அகல டொர்னேடோ உருவானதும் ஒரு சூப்பர்செல்லிலிருந்துதான்.