சேற்றில் இருக்கும் வைரஸ்களையும் கணக்கில் எடுங்கள்

ஒரு சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வாதாடும்போதெல்லாம் நாம் பறவைகளைத்தான் சாட்சிக்கு அழைக்கிறோம். 20,000 நீர்ப்பறவைகள் தவறாமல் வந்து தங்குகின்றனவா என்பது, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று. நல்ல அளவுகோல்தான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த நிலத்தை இயக்குகிற உயிர்க்கூட்டம் சேற்றுக்குள் இருக்கிறது. அதன் போக்கையே மாற்றக்கூடிய வைரஸ்களைப் பற்றிப் பெரும்பாலான ஈரநில அறிக்கைகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வைரஸ் என்றால் நோய் என்றே பழகிவிட்டோம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. இன்ஃப்ளுயன்சா ஏ வைரஸுக்குக் காட்டு நீர்ப்பறவைகளே இயற்கை இருப்பிடம். ஆனாலும் நீரிலும் சேற்றிலும் இருக்கும் வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை மனிதரைத் தீண்டுவதே இல்லை. அவை தேடிப் போவது பாக்டீரியாவை, பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனி வகையான ஆர்க்கியா என்ற நுண்ணுயிரை, பாசியை, அமீபாவை. 1989-இல் நார்வே ஆய்வாளர்கள் இயற்கை நீர்நிலைகளின் நீரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து, ஒரு மில்லிலிட்டரில் 25 கோடி வரை வைரஸ் துகள்கள் இருக்கின்றன என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய மதிப்பீடுகளைவிட இது குறைந்தது ஆயிரம் மடங்கு அதிகம்.

இத்தனை வைரஸ்களும் அங்கே சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை. பாக்டீரியாவை வைரஸ் உடைக்கும்போது அதன் உடலில் இருந்த கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் நீரில் கரைந்து மற்ற நுண்ணுயிர்களுக்குத் தீனியாகின்றன. எந்த இனம் மிஞ்சிப் பெருகுகிறதோ அதன்மீதே தாக்குதலும் கூடுகிறது. அதனால் ஒரே இனம் முழுச் சேற்றையும் பிடித்துக்கொள்வது கடினமாகிறது. நுண்ணுயிர்ப் பன்மையைக் காப்பதில் வைரஸ்களுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது.

புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனெனில் என் ஆதங்கத்தின் மையம் அதுதான். மீத்தேனின் இயற்கை மூலங்களில் ஈரநிலங்களே மிகப் பெரியவை. காற்று புகாத சேற்றில் ஒருவகை ஆர்க்கியாக்கள் அதை உற்பத்தி செய்கின்றன. அது மேலே வரும் வழியில் ஒரு பகுதியை வேறு பாக்டீரியாக்கள் உண்டு தீர்க்கின்றன. வட ஸ்வீடனில் ஸ்டோர்டாலன் என்ற சதுப்பில், ஆண்டு முழுவதும் உறைந்தே கிடந்த நிலத்தடி மண் உருகிவருகிறது. அங்கே நடந்து 2018-இல் வெளியான ஆய்வு 1,907 வைரஸ் தொகுதிகளை அடையாளம் கண்டது. மீத்தேனை உருவாக்குபவற்றைத் தாக்கும் வைரஸ்களும் அதில் இருந்தன, உண்பவற்றைத் தாக்கும் வைரஸ்களும் இருந்தன. தாவரங்களின் கடினமான சர்க்கரைச் சங்கிலிகளை அறுக்கும் நொதிகளுக்கான மரபணுக்களைச் சில வைரஸ்கள் சுமந்திருந்தன. அவற்றில் ஒரு நொதி உண்மையிலேயே வேலை செய்வதை ஆய்வகத்தில் சோதித்தும் காட்டினார்கள். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள கரிச்சதுப்புகள் (முழுதாக மட்காத தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த சதுப்புகள்), எல்லாக் காடுகளின் தாவரங்களிலும் இருப்பதைவிட அதிகமான கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் வேலையில் வைரஸ்களுக்கும் கை இருக்கிறது என்று தெரிந்த பிறகும், அவற்றை விட்டுவிட்டுக் காலநிலைக் கணக்குப் போடுவது எப்படிச் சரியாகும்?

வைரஸ் இரையாகவும் ஆகிறது. குளத்து நீரில் வாழும் ஹால்டீரியா என்ற ஒற்றைச் செல் உயிருக்கு, பாசியைத் தாக்கும் குளோரோவைரஸை மட்டும் உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே நாட்களில் அது சுமார் 15 மடங்கு பெருகியது. பள்ளிப் பாடப்புத்தகங்களின் உணவுச் சங்கிலிப் படத்தில் இதற்கும் ஓர் அம்புக்குறி போட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். மெல்போர்ன் அருகே ஒரு நன்னீர்க் குளத்தின் சேற்றில் கிடைத்து 2013-இல் விவரிக்கப்பட்ட பண்டோராவைரஸையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவு பெரியது. அதன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவரை அறியப்பட்ட எந்த உயிரிலும் ஒப்புமை கிடைக்கவில்லை.

1970 முதல் 2015 வரை உலகம் தன் ஈரநிலங்களில் சுமார் 35 சதவீதத்தை இழந்திருக்கிறது. நீரை வடித்தால் சேற்றுக்குள் காற்று புகுகிறது, ஆர்க்கியாக்கள் ஒடுங்குகின்றன, அவற்றை நம்பிய வைரஸ்களும் போய்விடுகின்றன. ஆகவே தூர்வாரும், வடிகால் வெட்டும், நிரப்பும் எந்தத் திட்டமானாலும் வேலை தொடங்கும் முன்பே மண் மாதிரி எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆக்சிஜன் இருக்கும் மேலடுக்கிலும் அது எட்டாத கீழடுக்குகளிலும் தனித்தனியாக எடுத்து, மரபணு வரிசையைப் படித்து, மீதியை உறைநிலையில் பாதுகாக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு அதே இடத்தில், அதே ஆழத்தில் மறுபடியும் எடுத்து ஒப்பிட வேண்டும்.