சிமோ ஹேஹா குணமாகிப் போர்முனைக்குத் திரும்பினாரா?

ஃபின்லாந்து ஸ்னைப்பர் (மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரர்) சிமோ ஹேஹா, தன் தாடையைச் சிதைத்த சோவியத் ஸ்னைப்பரைக் குணமானதும் தேடிப்போய்ச் சுட்டு வீழ்த்தினார் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்துவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஹேஹா குண்டடிபட்டது 1940 மார்ச் 6 அன்று. வெடிக்கும் வகைத் தோட்டா ஒன்று இடது கீழ்த்தாடையை நொறுக்கிவிட்டது. அவருக்கு நினைவு திரும்பியது மார்ச் 13இல். அன்றைக்குத்தான் ஃபின்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் நடந்த குளிர்காலப் போரே முடிந்தது! முதல் நாள் மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஆக, திரும்பிப்போய்ச் சண்டையிட அங்கே போர்முனையே இல்லை. 1941இல் மறுபடி போர் மூண்டபோது அவர் போக விரும்பினார்தான். ஆனால் முகக்காயத்தின் காரணமாக அனுப்பவில்லை. தாடைக்குப் பல அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன.

சரிபார்ப்பது சுலபம். அவர் காயம்பட்ட தேதியையும் குளிர்காலப் போர் முடிந்த தேதியையும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரே வாரம். போருக்குப் பிறகு எடுத்த அவரது படங்களையும் பாருங்கள். இடது கன்னம் ஒடுங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக் கிடக்கும். ஒரு வாரத்தில் ஆறுகிற காயமா அது?

அவர் ஊர்ப்பக்கம் விவசாயம் செய்து, மூஸ் என்னும் பெரிய மான்களை வேட்டையாடி, நாய்கள் வளர்த்து, 2002இல் 96 வயதில் காலமானார். நண்பரே, முடிந்தால் பதிவைத் திருத்திவிடுங்கள்.