மலை இறங்கும் முன் ஒரு குழாய் ரத்தம்

போன ஐப்பசியில் என் பெரியம்மாவைக் கோத்தகிரியிலிருந்து கோவைக்குக் கொண்டு போனோம். கொழுந்து பறிக்கிறவர். காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். இந்த முறை ஐந்தாம் நாளே மூச்சு வாங்க ஆரம்பித்தது, பிரஷர் இறங்கிவிட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மழை, ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்து முக்கால் மணி நேரம் ஆம்புலன்ஸ் நகரவே இல்லை.

ஐசியுவில் சேர்த்ததும் வென்டிலேட்டர், மெரோபெனம் என்கிற ஆன்டிபயாடிக். ரத்தத்தில் கிருமி இருந்தால் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்தார்கள், ஒட்டுண்ணிப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு ஐஜிஎம் சோதனையும் செய்தார்கள். ஐஜிஎம் நெகட்டிவ். கல்ச்சருக்குக் காத்திருந்தோம். "ரெண்டு நாள் ஆகும் சார், வளர்ந்தாத்தான் என்ன கிருமின்னு சொல்ல முடியும்" என்றார் டியூட்டி டாக்டர். மூன்றாம் நாள் ராத்திரி உடம்பு துடைத்துவிட்ட சிஸ்டர்தான் மார்புக்குக் கீழே மடிப்பில் சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்தார். ஒட்டுண்ணிப் பூச்சி கடித்த இடம். அன்றைக்கே ஸ்க்ரப் டைஃபஸுக்கான மருந்து டாக்சிசைக்ளின் ஏற்றினார்கள், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் அடிபட்டு நான்கு முறை டயாலிசிஸ் ஆகிவிட்டது.

அந்த டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினோரு வருடமாக லேப் டெக்னீசியனாக ரத்தம் எடுக்கிறேன், அவர்கள் கையில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஸ்க்ரப் டைஃபஸ் கிருமி உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் பெருகும், கல்ச்சர் பாட்டிலில் ஐந்து நாள் வைத்தாலும் வளராது. மெரோபெனம் அதன் கிட்டவே போகாது. ஐஜிஎம் என்பது நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், முதல் வாரத்தில் அது வராமலே இருக்கலாம். அந்த முதல் வாரத்தில்தான் கிருமியின் டிஎன்ஏ ரத்தத்தில் இருக்கிறது. அந்த டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டுச் செய்தோமே, அதே பிசிஆர்தான், இங்கே ரத்தத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஐசியுவில் நேரம் என்றால் என்ன என்பதற்கு 2006ல் வந்த ஒரு ஆய்வை அடிக்கடி சொல்வார்கள். கிருமி தொற்றிப் பிரஷர் இறங்கிய நோயாளிக்குச் முதல் ஆறு மணி நேரத்தில் சரியான மருந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்போதெல்லாம் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாம். எங்களுக்கு மூன்று நாள் போனது.

கல்ச்சர் வளரக் காத்திராமல் நேராக ரத்தத்திலிருந்தே கிருமியைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வெளிநாட்டில் வந்து வருடக்கணக்காகிறது. அமெரிக்காவில் டி2 என்கிற கருவிக்கு 2014ல் கேண்டிடா பூஞ்சைக்கும், 2018ல் ஐந்து வகை பாக்டீரியாவுக்கும் அனுமதி கொடுத்தார்கள், மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் முடிவு. எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தச் சோதனைகள் தங்கள் பட்டியலில் உள்ள கிருமியை மட்டும்தான் தேடும், அந்தப் பட்டியல் அவர்கள் ஊர் ஐசியுவுக்காகப் போட்டது. அதில் நம் தேயிலைத் தோட்டத்துப் பூச்சி பரப்பும் கிருமிக்கு இடமில்லை. லட்சக்கணக்கில் கொட்டி அதை அப்படியே வாங்கி வைத்திருந்தாலும் என் பெரியம்மாவுக்கு நெகட்டிவ் என்றுதான் வந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வேலை தெரிந்தவன் மறைக்கக் கூடாது. பிசிஆர் வந்துவிட்டால் கல்ச்சர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது, நம் சொந்த டிஎன்ஏ குவியலுக்குள் அதைத் தேட வேண்டும், தவறவும் செய்யும். செத்த கிருமியின் டிஎன்ஏவும் பாசிட்டிவ் காட்டலாம். மருந்துக்கு மசியாத தன்மையைக் கிருமிக்குத் தரும் என்டிஎம் மாதிரி சில மரபணுக்களைத் தவிர எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அது சொல்லாது, அதற்குக் கிருமி வளர்ந்துதான் ஆக வேண்டும். அப்புறம், முதல் ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பதையே பல இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாமே?

சரி, நமக்கு என்னதான் வேண்டும்? மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே சோதனை நடக்க வேண்டும். முடியாது என்று சொல்லாதீர்கள். குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907லிருந்து இருக்கிறது. ஊட்டியில் 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காசநோய்க்கு அரசு பயன்படுத்தும் ட்ரூநாட், கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்தது, பேட்டரியில் ஓடும் பிசிஆர் கருவி, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு தரும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் நம் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த மாதிரிக் கருவியில் ஸ்க்ரப் டைஃபஸையும் ஓட்ட மாவட்டம் முழுக்க வழி செய்யட்டும், செலவை அரசு ஏற்கட்டும்.

மருந்து இல்லாத நோயா இது? வேலூர் சிஎம்சி முன்னின்று இந்தியாவில் நடத்திய ஆய்வு 2023ல் வந்தது. தீவிரமான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஏற்றினால், ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் என்று அதில் தெரிந்தது. உலகத்துக்கே மருத்துவம் சொல்லிக் கொடுத்தது நம் நாட்டில் நம்மைப் போல் படுத்துக் கிடந்தவர்களை வைத்துத்தான். நோயைக் கண்டுபிடிப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

பெரியம்மா இப்போது வீட்டில் இருக்கிறார். "எப்பக் கண்ணு தோட்டத்துக்குப் போலாம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார்.

கோவைக்கு அனுப்புவது என்று முடிவானதும் 108 வருவதற்குள் இரண்டு கல்ச்சர் பாட்டிலும் ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தமும் எடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். பாட்டில்கள் நோயாளியோடு வண்டியில் போகட்டும், குழாய் இங்கேயே மெஷினில் ஏறட்டும். வண்டி மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் ரிப்போர்ட் கீழே இருக்கும் டாக்டரின் போனுக்குப் போய்விடும்.