பார்ட் டி: பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் மெடிகேரில் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கும் அப்பா, அம்மாவுக்காக அக்டோபர் 15-க்கும் டிசம்பர் 7-க்கும் இடையே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பார்ட் டி மருந்துத் திட்டத்தை மாற்றுவதற்கான நாட்கள் அவை. "போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். திட்டத்தின் பெயர் அதேதான்; உள்ளே பிரீமியம், மருந்துப் பட்டியல், எந்த பார்மசியில் மலிவு என்பதெல்லாம் ஜனவரி 1 அன்று மாறலாம். அதைச் சொல்லும் கடிதம் செப்டம்பருக்குள் வந்துவிடும். விளம்பரத் தபாலோடு குப்பைக்குப் போவதும் அதுதான்.

2026-இல் டிடக்டபிள், அதாவது திட்டம் பங்கு கொடுக்கத் தொடங்குமுன் நாமே கட்டும் தொகை, அதன் உச்சம் 590 டாலரிலிருந்து 615 ஆகிவிட்டது. மருந்துக்கு நாம் போடும் கைக்காசுக்கான ஆண்டு வரம்பு 2,000-லிருந்து 2,100. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் எலிக்விஸுக்கு அரசு பேசி முடித்த விலை மாதம் 231 டாலர். முழு டிடக்டபிளும் அதன்பின் விலையில் 25 சதவீதமும் நாம் கட்டவேண்டிய திட்டத்தில் ஜனவரி 231, பிப்ரவரி 231, மார்ச் 172.50, ஏப்ரலிலிருந்து 57.75. ஆண்டுக்கு 1,154 சொச்சம். ஜனவரி பில்லைப் பார்த்துப் பதறுபவர்கள், மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் வசதியைத் திட்டத்திடம் கேட்டு வாங்கலாம். வட்டி இல்லை; தள்ளுபடியும் இல்லை.

அந்த 2,100-இல் பிரீமியம் சேராது. பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுத்த காசும் சேராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பூஜ்ய பிரீமியம் என்று குதித்துச் சேர்ந்தபின், முக்கியமான ஒரு மாத்திரை பட்டியலில் இல்லையென்றால் அத்தனையும் சொந்தச் செலவு.

எனவே மாத்திரை டப்பாக்களை மேசையில் வைத்துக்கொண்டு, மெடிகேர்.கவ் தளத்தில் பெயர், மில்லிகிராம், மாத எண்ணிக்கை மூன்றையும் டப்பாவில் உள்ளபடியே போடுங்கள். பக்கத்து பார்மசிகள் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த ஆண்டுத் தொகை எதில் குறைவோ அதுதான் மலிவு. முன் அனுமதி வேண்டுமா என்பதையும் பாருங்கள்.

மாத்திரையே சாப்பிடாதவர்களும், வேறு தகுந்த மருந்துக் காப்பீடு இல்லையென்றால், சும்மா இருக்கக் கூடாது. 20 மாதம் தள்ளிப்போட்டால் 20 சதவீத அபராதம்: 2026 கணக்கில் மாதம் 7.80 டாலர், பார்ட் டி இருக்கும்வரை.

மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் திட்டம்) வகைகளான எச்எம்ஓ, பிபிஓ-வில் இருப்பவர்கள் தனி பார்ட் டி-யில் சேர்ந்துவிடாதீர்கள்; பழைய திட்டமே ரத்தாகிவிடும். ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு. ஷிப் எனும் மாநில மெடிகேர் உதவித் திட்டத்தின் ஆலோசகர்களுக்குக் கிடையாது, ஆலோசனையும் இலவசம். அவர்கள் எண்ணை மெடிகேரின் 1-800-633-4227-இல் கேட்டு வாங்கலாம். டிசம்பர் முதல் வாரத்தில் லைன் கிடைப்பது கஷ்டம், அக்டோபரிலேயே கூப்பிடுங்கள்.